புள்ளிக் கட்டத்துள் எழுத்து

எழுத்துக்கு உயிர் தருவது மொழி. உடல் தருவது அது எழுதப்படும் பரப்பு. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர் மெய்யெழுத்தின் மேற்புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே விட்டனர். படிப்பவர் இடம் நோக்கி, இது மெய், இது உயிர்மெய் என உணர்ந்துகொண்டார். அச்சுக்கலை வந்தபின் அப்புள்ளி நிலைபெற்றது. அதற்குப் பின் வந்த பரப்பு கணிப்பொறித் திரை. ஓலை புள்ளியை ஏற்கத் தயங்கியது. திரையோ புள்ளியைத் தவிர வேறொன்றையும் அறியாதது. அத்திரையில் எழுத்து தெளிவு பெற்ற வரலாறு வெறும் தொழில்நுட்ப வரலாறு அன்று. எழுத்தைப் படிக்கத்தக்கதாக ஆக்கும் அறிவு எவருடைய உடைமை என்னும் வழக்கும் அதனுள் கலந்திருக்கிறது. கவிதையைத் திரையிலும் படித்துப் பழகிவிட்ட நாம் அறியத்தக்க வரலாறு இது.

கோடும் கட்டமும்

கணிப்பொறியில் உள்ள எழுத்துரு ஒவ்வோர் எழுத்தையும் வளைகோடுகளால் ஆன ஓர் உருவமாக வைத்திருக்கிறது. திரையோ பிக்சல் எனப்படும் படப்புள்ளிகளின் கட்டம். கோலத்தில் புள்ளிக்கேற்பக் கோட்டை வளைக்கிறோம். கணிப்பொறியிலோ கோடு முன்பே முடிவாகிவிட்டது, அதற்கேற்பப் புள்ளிகளை நிரப்ப வேண்டும். சிறிய அளவில் ‘ப’ என்னும் எழுத்தின் கால் ஒன்றேகால் புள்ளி அகலம் வருமானால் என் செய்வது? ஒரு கால் ஒரு புள்ளியாகவும் மறு கால் இரு புள்ளிகளாகவும் அமைந்துவிடும், எழுத்து நொண்டும்.

இக்குறையைப் போக்க எழுத்துருவுக்குள்ளேயே சில கட்டளைகளை வைப்பது வழக்கமாயிற்று. ஆங்கிலத்தில் ஹிண்டிங் எனப்படும் இதனை நாம் ‘குறிப்பு’ என்றே வழங்குவோம். 1980களின் இறுதியில் ஆப்பிள் நிறுவனத்தில் சாம்போ காசிலா என்னும் பொறியாளர் முதன்மையாக நின்று உருவாக்கிய ட்ரூடைப் முறை இதில் பெரும்பாய்ச்சல். ஒவ்வோர் எழுத்தும் தன்னோடு ஒரு சிறு நிரலையே சுமந்து வரும். ‘இந்தக் காலை இந்தப் புள்ளி வரிசையோடு பொருத்து, அந்தக் காலையும் அதே அகலத்தில் வை’ என்று அது கணிப்பொறிக்குச் சொல்லும். 1991 இல் ஆப்பிளின் சிஸ்டம் 7 வழியாகவும் 1992 இல் விண்டோஸ் 3.1 வழியாகவும் இம்முறை உலகெங்கும் பரவியது.

பூட்டிய கதவு

1996 இல் டேவிட் டர்னர் என்னும் நிரலாளர், எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தரும் திறந்த மூல நிரலாக ஃப்ரீடைப் என்பதனைத் தொடங்கினார். முதலில் பாஸ்கல் மொழியில் எழுதப்பட்டுப் பின்னர் சி மொழிக்கு மாற்றப்பட்ட அந்நிரலை வளர்க்க ராபர்ட் வில்ஹெல்ம், வெர்னர் லெம்பர்க் ஆகியோர் உடன் சேர்ந்தனர். ட்ரூடைப் எழுத்துருவின் அமைப்பு வெளியிடப்பட்ட ஒன்று. அதனைப் படித்தறியத் தடையில்லை. ஆனால் எழுத்தோடு வரும் கட்டளைகளை நிறைவேற்றும் முறையின் மீது ஆப்பிள் நிறுவனம் காப்புரிமைகள் பெற்றிருந்தது. நூலை எவரும் வாங்கலாம், வாய்விட்டுப் படிப்பதற்கு மட்டும் இசைவு வேண்டும் என்பது போன்ற நிலை. ஆகவே, எழுதி முடித்திருந்தும் அப்பகுதியை இயல்பாக இயங்காதபடி அணைத்து வைக்க நேர்ந்தது.

கதவு அடைபட்டபோது அவர்கள் வேறு வழி தேடினர். 2000 இல் வந்த ஃப்ரீடைப் இரண்டாம் பதிப்பில், எழுத்தோடு வரும் கட்டளைகளைத் தொடாமல், எழுத்தின் வடிவத்தையே ஆராய்ந்து குறிப்புகளைத் தானே வகுத்துக்கொள்ளும் பகுதி ஒன்று இடம்பெற்றது. எழுத்தின் தலை எங்கே, அடி எங்கே, தண்டு எத்துணைத் தடிப்பு என்று அளந்து அதற்கேற்பப் பொருத்தும் முறை அது. ஆப்பிளின் காப்புரிமைகள் 2010 மே மாதத்தோடு முடிந்தன. அவ்வாண்டு ஜூலையில் வந்த 2.4 ஆம் பதிப்பில் அணைத்து வைத்த பகுதி இயல்பாகவே இயங்கத் தொடங்கியது.

ஒரு புள்ளியுள் மூன்று

இதற்கிடையே இன்னொரு வாயிலும் திறந்தது. தட்டைத் திரையின் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று செங்குத்துப் பட்டைகளால் ஆனது. அவற்றைத் தனித்தனி உட்புள்ளிகளாகக் கொண்டால் கிடைமட்டத்தில் மூன்று மடங்கு நுட்பம் கிடைக்கும். 1998 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் க்ளியர்டைப் என்னும் பெயரில் இதனை அறிவித்தது. வெறுமனே செய்தால் எழுத்தின் ஓரங்களில் வண்ணம் கசியும். ஆகையால் ஒவ்வோர் உட்புள்ளியின் ஒளியையும் அண்டையிலுள்ளவற்றுக்குப் பகிர்ந்து மென்மையாக்க வேண்டும். இங்கும் காப்புரிமை குறுக்கிட்டது. ஃப்ரீடைப்பில் அதற்கான நிரல் இருந்தும் இயல்பாக அணைந்தே கிடந்தது.

சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, கலைச் சிக்கல் ஒன்றும் இருந்தது. பழைய எழுத்துருக்களின் கட்டளைகள் முழுப்புள்ளிக் காலத்தில் எழுதப்பட்டவை. அவை தண்டுகளைப் பக்கவாட்டில் முழுப்புள்ளிக்கு இழுத்துப் பொருத்தும். அவ்வாறு இழுத்தால் உட்புள்ளி தந்த மும்மடங்கு நுட்பம் வீணாகும், எழுத்து மெலியும், எழுத்துக்கு எழுத்து இடைவெளி மாறுபடும். இதற்கு மாற்றாக இன்ஃபினாலிட்டி என்னும் திருத்தத் தொகுப்பு, இந்த எழுத்துருவுக்கு இவ்விதி, அந்த எழுத்துருவுக்கு அவ்விதி எனத் தனித்தனி விலக்குகளை வகுத்தது. விளைவு அழகாக இருந்தது. ஆனால் விலக்குகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகும் இயல்பினது.

2016 செப்டம்பரில் வந்த 2.7 ஆம் பதிப்பில் நிக்கோலஸ் வாக்ஸ்வைலர் அதனைச் சுருக்கி ஒரே நெறியாக்கினார். பக்கவாட்டில் நகர்த்தும் கட்டளைகளைப் புறக்கணி. மேல்கீழாக நகர்த்துவனவற்றுக்கு மட்டும் பணி. மேல்கீழ்த் திசையில் புள்ளி பிளவுபடாத ஒன்று, அங்கே பொருத்தம் வேண்டும். பக்கவாட்டிலோ அது மூன்றாகப் பிரிந்து நிற்கிறது, அங்கே கட்டுப்பாடு தேவையில்லை. எழுத்தின் அகலம் கலையாததால் சொல்லின் நீளமும், சொற்கள் சேர்ந்த அடியின் நீளமும், எழுத்துருவை வரைந்தவர் எண்ணியபடியே நின்றன. 2013 இல் அடோபி நிறுவனம் கூகுளின் துணையோடு ஃப்ரீடைப்புக்கு அளித்த மற்றொரு வகை எழுத்துருவுக்கான நிரலும் மேல்கீழ்த் திசையில் மட்டுமே குறிப்புகளைக் கொள்வது என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

2017 இல் வந்த 2.8.1 ஆம் பதிப்பில் அலெக்ஸி போட்டெலெஷ்னிகாவ் ‘ஹார்மனி’ என்னும் முறையைச் சேர்த்தார். பட்டைகள் ஒன்றுக்கொன்று மூன்றிலொரு புள்ளி தள்ளி நிற்கின்றன அல்லவா? எழுத்தின் உருவத்தையும் அவ்வளவே தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனியே வரைந்தால் ஒளியைப் பகிர்ந்து மென்மையாக்கும் வேலையே தேவையில்லை. காப்புரிமை பெற்ற வழியைத் தொடாமலே உட்புள்ளியின் பயன் எல்லோர்க்கும் கிட்டிற்று. க்ளியர்டைப் காப்புரிமைகள் முடிந்தது 2019 இல்தான்.

நம் எழுத்தும் அங்கே

இவ்வரலாற்றில் தமிழுக்கும் ஓரிடம் உண்டு. எழுத்தின் வடிவத்தை ஆராயும் அந்தத் தானியங்கிப் பகுதி, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தலைக்கோடு, அடிக்கோடு எங்கெங்கே என்று சில மாதிரி எழுத்துகளைக் கொண்டு அளக்கிறது. தமிழுக்கு உ, ஒ, ற, க, ங, ச போன்றவை தலைக்கோட்டுக்கும், க, ச, ல, ட, ப போன்றவை அடிக்கோட்டுக்கும் சான்றாக வைக்கப்பட்டுள்ளன. எழுத்துக்கு எழுத்து கையால் கட்டளை எழுதுவது நெடிய உழைப்பும் பெரும்பொருளும் வேண்டும் பணி. அவ்வுழைப்பு வாய்க்காத எழுத்துருவுக்கும் இப்பகுதி துணை நிற்கிறது. விலையில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் கணிப்பொறியில் ஓர் ஏழை மாணவன் கவிதை ஒன்றைக் கண் வலியாமல் படிக்கிறான் என்றால், அவ்வசதிக்குப் பின்னே இந்த அளவுகோல்களும் இருக்கின்றன.

இதனைக் கொண்டு பூட்டைப் புகழ்வதற்கில்லை. பத்தாண்டுக்கும் மேலாக எண்ணற்றோர் மங்கிய எழுத்தைப் படித்தது அப்பூட்டின் விலை. ஆனால் பூட்டுக்கு வெளியே நின்றவர்கள் சும்மா இராமல் எழுத்தையே உற்று நோக்கினர். கட்டளைகள் மிகுந்தால் எழுத்து செம்மையுறும் என்று கருதிய காலம் போய், எந்தக் கட்டளையை விலக்குவது என்று தெரிந்தபோதுதான் அது தன் இயல்பான நடையைப் பெற்றது. யாப்பின் கட்டுக்குள் நின்று, எங்கே நெகிழ வேண்டும் என்று நாளும் தேர்ந்துகொண்டிருக்கும் கவிஞர்க்கு இவ்வுண்மை புதிதன்று. நாம் எழுதும் அடிகளைத் திரையில் தாங்கி நிற்கும் எழுத்தும் அதே பாடத்தைக் கற்றே வந்திருக்கிறது.