மூர் என்றொரு பெயர்

எமது பிறப்பத்தாட்சிப் பத்திரங்களில் இனம் என்ற இடத்தில் ‘இலங்கைச் சோனகர்’ என எழுதப்படுகிறது. ஆங்கிலத்தில் அதுவே ‘மூர்’. இரு சொற்களும் ஒரே மக்களைக் குறித்தாலும் அவை வந்த வழிகள் வேறு.

சோனகர் என்பது யவனர், யோனகர் என்ற சொற்களோடு உறவுடையது. மேற்கிலிருந்து கடல்வழி வந்த கிரேக்கரைச் சுட்டிய பெயர், காலப்போக்கில் அராபியருக்கும் பின் முஸ்லிம்களுக்கும் வழங்கலாயிற்று. மூர் என்பதோ வடமேற்கு ஆபிரிக்காவின் மௌரித்தானியாவில் வாழ்ந்தோருக்கு உரோமர் வழங்கிய பெயர். 711இல் முஸ்லிம்கள் ஸ்பெய்னுள் பிரவேசித்த பின்னர், அங்குள்ள கிறிஸ்தவர்கள் அதனை முஸ்லிம்களுக்குரிய பெயராக்கினர்.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கள்ளிக்கோட்டையிலும் கொழும்பிலும் தமக்கு வர்த்தகப் போட்டியாக நின்ற முஸ்லிம்களைக் கண்டபோது, அப்பழைய பெயரே அவர்கள் வாயில் வந்தது. பிலிப்பைன்ஸில் ஸ்பானியர் ‘மோரோ’ என்றனர். மௌரித்தானியாவைக் கனவிலும் கண்டிராத இம்மக்களை ஒரே பெயருக்குள் அடைத்தது மார்க்கமும் அதன் மீதான பகைமையுமே.

ஆங்கிலேயர் அப்பெயரைக் குடிசன மதிப்பீட்டில் இனப்பெயராக நிலைநிறுத்தினர். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்த கட்டுரையில், மொழி, வழக்காறு முதலியவற்றைச் சான்றாக்கிச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற வினா அதன் பின்னணியில் இருந்தது. 1889இல் எம்.ஸீ. அப்துல் ரஹ்மான் அச்சபைக்கு நியமனம் பெற்றார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், அரபு வம்சாவளியை வலியுறுத்தி இராமநாதனுக்கு மறுப்பெழுதினார். பகைவன் இட்ட பெயர் கேடயமாயிற்று. பிலிப்பைன்ஸிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2019இல் அங்கு அமைந்த சுயாட்சிப் பிரதேசம் ‘பங்சமோரோ’ என்ற பெயரையே தாங்கியுள்ளது.

அஸீஸ் எழுதியதன் அவசியத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் இருவரும் ஒரு சமூகத்தை இரத்தத்தால் அளந்தனர் என்றே கருதுகிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு வெறிச்சோடியது. பேசிய தமிழ் அம்மக்களைக் காக்கவில்லை; அரபு வம்சாவளியும் காக்கவில்லை. அவர்கள் அத்தெருவில் பல தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் என்பதே அவர்களது உரிமைக்குப் போதிய சான்று. மூர், சோனகர் என்ற பெயர்களை நாம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இம்மண்ணில் எமக்குள்ள இடத்தை அவற்றின் வேரில் தேட வேண்டியதில்லை.