சோலார் வேலிப் பெட்டிக்கு மாற்று பேட்டரி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

வத்திராயிருப்பில் தொடங்கி கூமாபட்டி, செண்பகத்தோப்பு, மம்சாபுரம், ராஜபாளையம், சேத்தூர், தேவதானம் வரை மலையை ஒட்டி இருக்கும் தோப்புகளில் சோலார் வேலி இப்போது பரவலாகிவிட்டது. தென்னங்கன்றின் குருத்தையும் வாழையையும் யானையிடமிருந்து காக்கவும், நிலக்கடலை, மக்காச்சோளம், பனங்கிழங்குப் பாத்திகளைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கவும் விவசாயிகள் இதை அமைத்துள்ளனர். வேளாண் பொறியியல் துறையின் மானியத்தில் அமைத்தவர்களும் உண்டு, சொந்தச் செலவில் அமைத்தவர்களும் உண்டு. கம்பியும் கம்பமும் பல ஆண்டுகள் நிற்கும். பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி அத்தனை காலம் வராது. பராமரிப்பு தேவைப்படாத எஸ்.எம்.எஃப். பேட்டரி பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகளும், நன்றாகக் கவனித்தால் டியூப்லர் பேட்டரி 4 முதல் 5 ஆண்டுகளும் உழைக்கும்.

அந்த முதல் பேட்டரி போன பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. டிராக்டர் பேட்டரியைக் கழற்றி மாட்டுவது, வீட்டு இன்வெர்ட்டரின் பழைய பேட்டரியை வைப்பது, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 100 ஏ.எச். பேட்டரியை வாங்கி வருவது எல்லாம் நடக்கிறது. இவற்றால் பணம்தான் நட்டம். பேட்டரி மாற்றுவதற்குப் பதிலாக பம்புசெட் மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுத்தால் உயிரே போகும். அதைப் பற்றி பின்னால் சொல்கிறேன்.

பேட்டரிதான் பழுதா?

வேலியில் ‘அடி’ குறைந்தால் உடனே பேட்டரி மீது பழி போட வேண்டாம். புல்லும் கொடியும் கம்பியில் உரசினாலே மின் துடிப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். கோடையில் செம்மண் காய்ந்துவிட்டால் எர்த் கம்பி சரியாக வேலை செய்யாது. எர்த் குழியில் 4 குடம் தண்ணீர் ஊற்றியதுமே வேலி உயிர் பெற்ற தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். எனவே முதலில் வேலிக் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டு, கருவியின் முனையில் மட்டும் வேலி டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அங்கே அளவு சரியாக இருந்தால் கோளாறு வேலியிலோ எர்த்திலோ இருக்கிறது.

கருவியிலேயே அளவு குறைந்தால் பேட்டரியைச் சோதிக்கலாம். மாலையில் பேனல் வயரையும் கருவியையும் பிரித்துவிட்டு, மறுநாள் காலை மல்டிமீட்டரில் வோல்ட் அளவைப் பாருங்கள். 12.7 வோல்ட் அருகில் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 11.8-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. நல்ல வெயிலில் 2 நாள் வைத்தும் 12.4-ஐத் தாண்டவில்லை என்றாலோ, தாண்டிய பிறகு ஒரே இரவில் 11-க்கு விழுந்தாலோ பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் பேனலின் கண்ணாடியைத் துடைத்து, சார்ஜ் கன்ட்ரோலருக்குப் பேனலிலிருந்து மின்சாரம் வருகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். பேனல் பழுதாக இருந்தால் புதுப் பேட்டரியும் ஒரு மழைக்காலத்தில் போய்விடும்.

எத்தனை ஏ.எச்.?

கடையில் முதலில் கேட்பது ‘எத்தனை ஏ.எச்.?’ என்பதுதான். பழைய பேட்டரியில் எழுதியிருப்பதைச் சொல்வது ஒரு வழி. ஆனால் பழையதே அளவு தவறி வைக்கப்பட்டிருக்கலாம். கணக்கு எளிது, நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கருவியின் பக்கவாட்டில் ஒட்டியுள்ள தகட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் எழுதியிருக்கும். 300 எம்.ஏ. என்றால் 0.3 ஆம்பியர். 24 மணி நேரமும் வேலி ஓடினால் 0.3-ஐ 24 ஆல் பெருக்க, ஒரு நாளைக்கு 7.2 ஏ.எச். செலவாகும். வெயிலே இல்லாமல் 3 நாள் தாங்க வேண்டும் என்று வைத்தால் 21.6 ஏ.எச். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் குறையும். ஆகவே இதன் இரு மடங்கு, அதாவது சுமார் 43 ஏ.எச். வேண்டும். சந்தையில் கிடைக்கும் 42 ஏ.எச். இதற்குப் பொருந்தும். மாலை 6 முதல் காலை 6 வரை மட்டும் ஓட்டுபவருக்கு இதில் பாதி போதும், 26 ஏ.எச். பேட்டரி வாங்கலாம்.

3 நாள் என்று சொன்னது நமது பகுதிக்காக. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து மூடிக்கிடக்கும் நாட்கள் உண்டு. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. நமக்கு மலை மேற்கே இருக்கிறது. அடிவாரத்தை ஒட்டிய தோப்புகளில் பொழுது சாயும் முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். கிழக்கே கரிசல் காட்டில் கிடைக்கும் வெயில் நேரம் இங்கே கிடைக்காது. போதாததற்கு, பேனல் வைத்தபோது இடுப்பளவு இருந்த தென்னங்கன்று இன்று பேனலுக்கு மேல் ஓலை விரித்திருக்கும். பேனலில் ஒரு பகுதியில் மட்டும் நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் வெகுவாகக் குறையும்.

இதனால் பேனலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 40 வாட் பேனல் நல்ல வெயிலில் சுமார் 2.2 ஆம்பியர் தரும். ஒரு நாளில் 4 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைத்தால் சுமார் 9 ஏ.எச். சார்ஜ் ஏறும்போது வீணாவது போக 7 ஏ.எச். நிற்கும். மேலே சொன்ன 7.2 ஏ.எச். செலவுக்கு இது கையிருப்பு இல்லாத வரவு-செலவு. மேகமூட்டத்தில் குறைந்ததை ஈடுகட்ட வழியே இல்லை. 75 வாட் பேனல் இருந்தால் 3 நாள் குறைந்ததை 4 நாள் வெயிலில் நிரப்பிவிடும்.

இப்போது 100 ஏ.எச். பேட்டரி வாங்கியவரின் நிலையைப் பாருங்கள். பேனல் அதே 40 வாட். பேட்டரி ஒரு நாளும் முழுதாக நிரம்பாது. அரைகுறை சார்ஜிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. பெரிய பேட்டரி வாங்கியும் சீக்கிரம் போனதற்கு இதுவே காரணம். கையில் இருக்கும் பணத்தைப் பெரிய பேட்டரியில் போடுவதைவிட, சரியான அளவு பேட்டரியும் கூடுதலாக ஒரு பேனலும் வாங்குவது நல்லது.

எந்த வகை?

டிராக்டர், கார் பேட்டரிகள் என்ஜினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டவை. சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தந்துவிட்டு உடனே ஆல்டர்னேட்டரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். அதற்காகத் தகடுகளை மெல்லியதாக, எண்ணிக்கையில் அதிகமாக வைத்திருப்பார்கள். இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து பகலில் மெதுவாக நிரம்பும் வேலை அந்தத் தகடுகளுக்கு ஆகாது. அவசரத்துக்கு ஓரிரு இரவுகள் பயன்படுத்தலாம். அதையே நிரந்தரமாக்கினால் வேலியும் நிற்கும், காலையில் டிராக்டரும் கிளம்பாது.

டியூப்லர் பேட்டரியின் தகடு தடித்தது, வேலி வேலைக்கு ஏற்றது. ஆனால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், வாயு வெளிவிடும், உயரமும் அதிகம். எஸ்.எம்.எஃப். அல்லது ஜெல் வகைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஒழுகாது. கருவியும் பேட்டரியும் ஒரே பெட்டியில் இருக்கும் அமைப்புக்கு என் பரிந்துரை இந்த வகைதான்.

லித்தியம் வகையில் சோலாருக்கு ஏற்றது லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி. அதில் 80 விழுக்காடு வரை பயன்படுத்தலாம் என்பதால் 42 ஏ.எச். ஈய பேட்டரி இருந்த இடத்தில் சுமார் 27 ஏ.எச். போதும். எடை மிகக் குறைவு, ஆயுளும் அதிகம். விலையும் அதிகம். உங்கள் சார்ஜ் கன்ட்ரோலரில் லித்தியத்துக்கான அமைப்பு இல்லையென்றால் கன்ட்ரோலரையும் மாற்ற வேண்டும். இதைச் சொல்லாமல் விற்கும் கடைகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். ஈய பேட்டரியிலும் ஜெல், தண்ணீர் ஊற்றும் வகை ஆகியவற்றுக்கு சார்ஜ் வோல்ட் சற்று மாறும். வகையை மாற்றும்போது கன்ட்ரோலரிலும் அதை மாற்றி வைக்க வேண்டும்.

பெட்டியை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

ராஜபாளையத்தில் பேட்டரி வாங்கி, தோப்புக்குக் கொண்டுவந்து, பெட்டி மூடாமல் திரும்ப எடுத்துக்கொண்டு போவது அடிக்கடி நடப்பது. பெட்டியின் உள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 42 ஏ.எச். எஸ்.எம்.எஃப். பேட்டரி சுமார் 20 செ.மீ. நீளம், 16.5 செ.மீ. அகலம், 17 செ.மீ. உயரம் இருக்கும். 150 ஏ.எச். இன்வெர்ட்டர் டியூப்லர் அரை மீட்டர் நீளமும் 40 செ.மீ.க்கு மேல் உயரமும் இருக்கும். பெரும்பாலான வேலிப் பெட்டிகளில் அது நுழையவே நுழையாது.

உயரத்தை டெர்மினலின் நுனி வரை பார்க்க வேண்டும். இரும்புப் பெட்டியின் மூடி இரண்டு டெர்மினல்களையும் தொட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். மூடிக்கும் டெர்மினலுக்கும் இடையே குறைந்தது 3 விரல் இடைவெளி விடுங்கள். பாசிடிவ் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். பக்கம் மாறினால் வயர் எட்டாது, இழுத்து மாட்டினால் நாளடைவில் தளர்ந்துவிடும். பாசிடிவ் வயரில் பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் அவசியம்.

தண்ணீர் ஊற்றும் பேட்டரியை எக்காரணம் கொண்டும் கருவி இருக்கும் மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதே பெட்டிக்குள் ஒரு சிறு பொறி விழுந்தால் பேட்டரி வெடிக்கலாம். வெடிக்காவிட்டாலும் அமில ஆவி கருவியின் சர்க்யூட் போர்டை அரித்துவிடும். இந்த வகைதான் வேண்டுமென்றால், மேலும் கீழும் காற்றுத் துளைகள் உள்ள தனிப் பெட்டி செய்துகொள்ளுங்கள். துளைகளில் கொசுவலை அடிக்காவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறும்.

வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டி சித்திரை, வைகாசியில் அடுப்பாகிவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். பேனல் வெயிலிலும் பெட்டி நிழலிலும் இருக்கட்டும். அடியில் ஒரு மரப்பலகை போடுங்கள்.

கடையில், மாட்டும்போது

தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். 6 மாதத்துக்கு மேல் சார்ஜ் செய்யாமல் கடையில் கிடந்த எஸ்.எம்.எஃப். பேட்டரி வேண்டாம். கடையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள்; 12.5 வோல்ட்டுக்குக் குறைந்தால் வேறு கேளுங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள். வாகன பேட்டரியின் வாரண்டி சோலார் பயன்பாட்டுக்குப் பொருந்தாது என்று பின்னால் சொல்லிவிடுவார்கள்.

கழற்றும்போது முதலில் கருவியை நிறுத்தி, பேனல் வயரை எடுத்து, கடைசியில் பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் கருவி. வரிசை மாறினால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுவிடும். டெர்மினலை முறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள்.

பேட்டரி வரும் வரை நேரடி மின்சாரம் வேண்டாம்

சரியான சோலார் வேலிக் கருவி பல ஆயிரம் வோல்ட் தந்தாலும் அது விநாடிக்கு அதிகபட்சம் ஒரு துடிப்பாக, மிகக் குறைந்த நேரமே பாயும். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கையை எடுக்க முடிகிறது. பம்புசெட் லைனில் வரும் 230 வோல்ட் தொடர்ந்து பாயும். தசை இறுகி, பிடித்த கை விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, தோட்டத்தைச் சுற்றிச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. உடன் வந்த 2 குட்டிகள் தப்பின. தோட்டக்காரர் கைது செய்யப்பட்டார். இப்படிப்பட்ட கம்பிகளில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன விவசாயிகளும் இறந்திருக்கிறார்கள்.

நமது மலை 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். யானை, வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. 2023-இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்துள்ளது. காட்டை ஒட்டிய பகுதிகளில் புதிய வேலிக்கு முன் அனுமதியும், ஏற்கெனவே உள்ள வேலிக்குப் பதிவும் அவசியம். பதிவு செய்யாதவர்கள் பேட்டரி மாற்றும் இந்தச் சமயத்திலேயே வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து முடித்துக்கொள்ளலாம். கருவியில் இந்தியத் தர நிர்ணயக் குறியீடான ஐ.எஸ். 302-2-76 குறிக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள்.

பேட்டரி கைக்கு வர சில நாள் ஆகுமென்றால், பழையதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து தகுந்த சார்ஜரில் ஏற்றி மாலையில் மாட்டலாம். 42 ஏ.எச். பேட்டரிக்கு 4 ஆம்பியர் அளவில் ஏற்றினால் போதும். வேலியோடு இணைந்திருக்கும்போது கரண்டில் சார்ஜ் செய்யக் கூடாது.

பழைய பேட்டரியை உடைத்து அமிலத்தை வாய்க்காலில் கொட்டாதீர்கள். அதில் உள்ள ஈயம் மண்ணிலும் கிணற்றிலும் தங்கிவிடும். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் எடைக்குத் தக்க விலை கழிப்பார்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. பில்லில் பழைய பேட்டரிக்கான கழிவைத் தனியாக எழுதச் சொல்லி வாங்குங்கள்.