பேராதனை முதிரைப் பாலமும் எங்கள் ஐஸ்கிரீம் குச்சிகளும்

பாடசாலைக் கண்காட்சியில் எங்கள் தரம் 9 பிள்ளைகள் வைத்த பாலத்தின் படத்தைப் போட்டதிலிருந்து பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "இது எந்த ஊர்ப் பாலம்?" என்பதுதான் முதல் கேள்வி. நம்மில் பலர் வாரத்தில் ஐந்து நாள் பஸ்ஸில் கடக்கும் இடம்தான் அது, பேராதனை. ஆனால் நாம் இன்று பார்க்கும் பாலம் அல்ல. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாததால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். வாசிக்கப் பொறுமை இருப்பவர்கள் வாசியுங்கள்.

தொடக்கம் வேறு மாதிரி இருந்தது. பிள்ளைகள் யூடியூபில் இங்கிலாந்துக் கால்வாய்க் காட்சி ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். ஒடுக்கமான கால்வாய், அதன் மேல் சின்னக் கல் பாலம், கீழே சிவப்பும் பச்சையும் பூசிய நீளமான படகு. அதையே செய்யலாம் என்று முடிவெடுத்து, எங்களைக் கேட்காமலே ரெஜிபோமில் படகையும் வெட்டி, அழகாகப் பூப்போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் படகு ஏன் அப்படி ஒல்லியாக இருக்கிறது என்று கேட்டோம். யாருக்கும் தெரியவில்லை. அங்கே பல கால்வாய்களின் மதகுகள் ஏழடி அகலம்தான். அதற்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், சரக்கும் நிறைய ஏற்ற வேண்டும் என்பதால் அகலத்தைக் குறைத்து நீளத்தை எழுபது அடி வரை இழுத்துவிட்டார்கள். ஆக, படகின் வடிவத்தைத் தீர்மானித்தது கால்வாய்தான்.

"அப்போ கண்டியில கால்வாய் இல்லையா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வகுப்பே சிரித்தது. ஏனென்றால் இருக்கிறது. கண்டி வாவியிலிருந்து வெளியேறி, நகரத்தினூடாக ஓடி, கெட்டம்பே பக்கம் மகாவலியில் விழும் மெத ஏல. மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அந்தத் தண்ணீரில் படகு விடும் எண்ணம் யாருக்கும் வராது. (அதை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்ததில் நம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் பங்கு உண்டு. அது தனிப்பதிவுக்கு உரிய விஷயம்.)

சரக்குப் படகு ஓடிய கால்வாய்கள் நம் நாட்டில் கரையோரத்தில்தான் இருந்தன. ஒல்லாந்தர் வெட்டியவை சில. பிரித்தானியர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாய் களனி கங்கைப் பக்கத்தை நீர்கொழும்புக் களப்போடு இணைத்தது. அந்தத் தண்ணீர்ப் பாதையில் ஓடியது சிங்களவர் 'பாருவ' என்று சொல்லும் தட்டையான அடியுள்ள படகு. மேலே கிடுகுக் கூரை, கையில் நீண்ட கழி. புத்தளம் பக்கத்து உப்பும் கொப்பறாவும் அதில்தான் கொழும்புக்குப் போயின. ஆனால் கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் படகை இங்கே ஏற்றிவர யாராலும் முடியாது. பேராதனையில் ஓடும் மகாவலியும் கொழும்புப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. பாறையும் நீர்வீழ்ச்சியுமாக இறங்கி, 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைப் பக்கம் கடலில் சேர்கிறது. அதனால் கண்டிக்காரனுக்கு ஆறு வழியாக இருக்கவில்லை. அது குறுக்கே கிடந்த ஒரு தடை.

அந்தத் தடை அப்படியே இருக்க வேண்டும் என்று அரசர்களே விரும்பினார்கள் என்பதுதான் பிள்ளைகளை ஆச்சரியப்படுத்தியது. மூதூர்ப் பக்கம் பிடிபட்டு 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் புத்தகத்தில் இதைச் சொல்கிறார். பெரிய ஆற்றின் மேல் பாலம் கிடையாது, மன்னனுக்குத் தன் நாட்டுக்குள் வருவதை எளிதாக்கும் எண்ணமும் கிடையாது என்பது அவர் சொல்வதன் சாரம். பாதைகள் ஒருவர் பின் ஒருவர் போகும் அகலம், வழியில் முள் கதவு போட்ட கடவத்தைகள், ஆற்றங்கரையில் தோணி.

1803 ஜூனில் அந்த ஏற்பாடு என்ன செய்தது என்பதை வட்டபுளுவ போனால் நினைத்துப் பார்க்கலாம். கண்டியைப் பிடித்து வைத்திருந்த பிரித்தானியப் படை தாக்குப்பிடிக்க முடியாமல் மேஜர் டேவியின் தலைமையில் திருகோணமலை நோக்கிப் புறப்பட்டது. வட்டபுளுவயில் மகாவலி கரைபுரண்டு ஓடியது. பாலம் இல்லை, தோணியும் இல்லை. தெப்பம் கட்டிக் கடக்கவும் முடியவில்லை. அங்கேயே சரணடைந்தார்கள், பெரும்பாலோர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். அந்தச் சண்டையில் மலாய்ச் சிப்பாய்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்று சொன்னபோது, மலாய்க் குடும்பத்துப் பிள்ளை ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்ததை நாங்கள் கவனித்தோம்.

அந்த ஆற்றை ஆங்கிலேயர் மறக்கவில்லை. 1815இல் கண்டி அவர்கள் கைக்கு வந்தது. 1817-18இல் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சி நாட்டையே உலுக்கியது. அதற்குப் பிறகு ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு-கண்டி வீதியைப் பிடிவாதமாகப் போட்டார். ராஜகாரிய முறையில் பிடித்துவந்த கிராமத்து மனிதரின் வியர்வை அதில் எவ்வளவு என்று எந்தத் தூணிலும் எழுதவில்லை. பொறியியலாளர் டோசனுக்கு மட்டும் கடுகண்ணாவையில் உயரமான ஞாபகத் தூண் நிற்கிறது. 1832இல் குதிரை பூட்டிய தபால் வண்டி கொழும்பிலிருந்து கண்டிக்கு ஓடத் தொடங்கியபோதும் பேராதனையில் பாலம் இல்லை. எல்லாரும் தோணிக்காரனைத்தான் நம்பியிருக்க வேண்டியிருந்தது.

1833இல் அந்தக் குறையும் தீர்ந்தது. லெப்டினன்ட் கேர்ணல் ஜோன் பிரேசர், நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், 205 அடி அகலத்துக்கு ஒரே வில்லாகப் பாலத்தை எழுப்பினார். கல்லிலும் இல்லை, இரும்பிலும் இல்லை. முதிரை மரத்தில். மூத்தாப்பா காலத்து முதிரை அலுமாரி வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த மரத்தின் கனமும் மஞ்சள் மினுமினுப்பும் தெரியும். அது கண்டிக் குளிர் மலையில் வளரும் மரமும் அல்ல, வரண்ட காட்டு மரம். ஆற்றில் தண்ணீர் குறைந்த காலத்தில் பாலம் 67 அடி உயரத்தில் நின்றது. வட்டபுளுவயில் நடந்தது எந்த வெள்ளத்திலும் இங்கே நடக்கக்கூடாது என்பதுபோல.

கித்துல்கலையில் சினிமாவுக்காகக் கட்டி, சினிமாவுக்காகவே வெடிவைத்துத் தகர்த்த பாலத்தைப் பார்க்க இன்றும் வேன் பிடித்துப் போகிறோம். எழுபது ஆண்டுக்கு மேல் நின்று உழைத்த பேராதனைப் பாலம் யாருக்கும் ஞாபகம் இல்லை. அதனால்தான் இதைச் செய்வோம் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். ஒல்லிப் படகைச் செய்தவனின் முகம் வாடிப்போனது. அவன் கதைக்குப் பிறகு வருகிறோம்.

அளவு ஐம்பதுக்கு ஒன்று. 205 அடி நாலடி ஓரங்குலமாகச் சுருங்கியது. உயரம் ஏறக்குறைய பதினாறு அங்குலம். பாலத்தைத் தாங்கியவை நான்கு வில்கள், ஒன்றுக்கொன்று ஐந்தடி இடைவெளி. ஒவ்வொரு வில்லும் மூன்று அடுக்கு. அடுக்குகளுக்கு இடையில் இரண்டடி வெளி. எல்லாம் சேர்ந்து வில்லின் கனம் எட்டடி. இவ்வளவு பெரிய வளைவுக்கு வளைந்த மரம் எங்கே கிடைத்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள். கிடைக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. பதினாறு பதினேழு அடி நீளமான நேர் மரங்களைத்தான் முனையோடு முனை முட்ட வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வில், கிட்டப்போனால் நேர்த்துண்டுகள். ஒரு மரத்தின் தடிப்பு ஓரடி.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோதுதான் ஒரு பிள்ளை ஐஸ்கிரீம் குச்சியைத் தூக்கிக் காட்டியது. அதன் வட்ட முனைகளை வெட்டினால் நீளம் பத்து சென்றிமீற்றர். நம் அளவில் அது பதினாறரை அடி! மூன்று குச்சிகளைச் சேர்த்து ஒட்டினால் தடிப்பு ஆறு மில்லிமீற்றர், அதாவது ஓரடி. பிரேசர் எங்களுக்காகவே வரைந்து வைத்ததுபோல இருந்தது. ஓர் அடுக்குக்குப் பதின்மூன்று துண்டு, பன்னிரண்டு அடுக்குக்கு 156 துண்டு, 468 குச்சி. இரண்டு வாரம் பிள்ளைகள் எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டதாக உம்மாமார் முறைப்பாடு செய்தார்கள். பாதிக்கு மேல் கடையில் பொதியாக வாங்கியவை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

முதல் வில் விழுந்தது. கார்ட்போர்டில் வளைவாகச் சாரம் வெட்டி, அதன் மேல் துண்டுகளை அடுக்கி, கரைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் பழைய பாடப்புத்தகங்களை வைத்திருந்தோம். சாரத்தை இழுத்ததும் ஒரு கணம் நின்றது. பிறகு புத்தகங்கள் மெல்ல வெளியே நகர்ந்தன, வில் நடுவில் அமர்ந்தது. பசை சரியில்லை என்றார்கள் பிள்ளைகள். பசையில் பிழை இல்லை. வில் தன் பாரத்தைக் கீழே மட்டும் தள்ளாது, பக்கவாட்டிலும் தள்ளும். கரை அசையாமல் எதிர்த்துத் தள்ளினால் துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். கரை விலகினால் எல்லாம் முடிந்தது. அசல் பாலத்தில் மூட்டுகள் விலகாமல் பிடித்துக்கொண்டவை வெட்டுப்போட்ட மரத்துண்டுகள். பாதையைத் தாங்கியவையும் அவைதான். புத்தகத்துக்குப் பதில் சீமெந்துக் கல் இரண்டை வைத்துப் பலகையோடு இறுக்கினோம். இரண்டாவது வில் நின்றது. பாடசாலைக் காவலாளி அதன் மேல் ஒரு செங்கல்லையும் வைத்துப் பார்த்தார். எங்களைக் கேட்காமல்.

பாலம் எழும்பி, ஆற்றுக்கு நீலமும் மண்நிறமும் பூசி, தாவரவியல் பூங்காப் பக்கம் மரங்களையும் நட்டாயிற்று. பாலத்தின் மேல் துரையின் குதிரை வண்டி, கோப்பி ஏற்றிய மாட்டுக் கரத்தைகள், ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய். எல்லாம் அழகுதான். அப்போதுதான் பின் வரிசையிலிருந்து அந்தக் கேள்வி வந்தது.

"இதுல நாங்க எங்க ஈக்கிறோம் சேர்?"

உண்மையைச் சொன்னால், எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. நாங்களும் பாலத்தையும் பொறியியலாளரையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் லோனா தேவராஜா அம்மையார் இலங்கை முஸ்லிம்களைப் பற்றி எழுதிய நூலோடு வகுப்புக்குப் போனோம். 1994இல் வந்த ஆங்கிலப் புத்தகம் அது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது செனரத் மன்னன் இடம் கொடுத்த கதை நம் மேடைகளில் அடிக்கடி கேட்பதுதான். அதற்குப் பிறகு அந்த மனிதர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று மேடையில் யாரும் சொல்வதில்லை. பலர் தவளம் ஓட்டினார்கள். முதுகில் இருபக்கமும் பொதி கட்டிய மாடுகள், வரிசையாக, அந்த ஒற்றையடிப் பாதையில். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே வந்தன. இங்கிருந்து பாக்கு கீழே போனது. அரச நிர்வாகத்திலேயே பொதிமாட்டுப் போக்குவரத்துக்கு 'மடிகே' என்ற தனிப் பிரிவு இருந்தது, அதில் நம்மவர்கள் நிறையப்பேர். கலகெதரைப் பக்கம் மடிகே என்ற ஊர்ப் பெயரை நாம் எல்லாரும் சொல்கிறோம். பெயர் எங்கிருந்து வந்தது என்று எத்தனை பேர் நினைத்திருக்கிறோம்?

வழி ஒடுங்கியிருந்தவரைக்கும் மாட்டின் முதுகுக்கு மதிப்பு இருந்தது. அகன்ற வீதியும் இந்தப் பாலமும் வந்ததும் சக்கரம் வந்தது. பல மாடுகள் சுமந்ததை ஒரு கரத்தை இழுத்தது. தோணிக்காரனுக்கும் தவளக்காரனுக்கும் ஒரே பாலம் ஒரே நேரத்தில் பதில் சொல்லிவிட்டது. சிலர் கரத்தை வாங்கினார்கள், சிலர் கடை போட்டார்கள். 1867இல் ரயில் கண்டிக்கு வந்தபோது கரத்தைக்காரனின் முறையும் வந்தது. 1905இல் முதிரைப் பாலத்தையே அகற்றிவிட்டு இரும்புப் பாலம் போட்டார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் கேள்வி கேட்ட பிள்ளை எதுவும் பேசவில்லை. அடுத்த நாள் களிமண்ணில் ஆறு மாடுகள் செய்து கொண்டுவந்தது, பொதியோடு.

மாடுகளைப் பாலத்தின் மேல் வைப்பதா, கீழே ஆற்றங்கரையில் வைப்பதா என்று வகுப்பில் பெரிய வாக்குவாதம். மேலே வைத்தால் பாலத்தால் அவர்களுக்கும் நன்மை என்று அர்த்தம். கீழே வைத்தால் விடப்பட்டவர்கள் என்று அர்த்தம். கடைசியில் மூன்று மேலே, மூன்று கீழே. கீழே உள்ள மூன்றும் கரையில் கட்டிக் கிடக்கும் பழைய தோணிக்குப் பக்கத்தில் நிற்கின்றன.

ஒல்லிப் படகுக்காரனை மறக்கவில்லை. அவன் படகின் பூக்களைச் சுரண்டிவிட்டு, அகலத்துக்கு இரண்டு பக்கமும் ரெஜிபோம் ஒட்டி, தென்னோலையில் கிடுகு பின்னிக் கூரை போட்டான். அது பாருவ ஆயிற்று. தனியாக ஒரு சின்னப் பலகையில் ஹமில்டன் கால்வாய், மேலே ஒரு மரப் பாலம், கீழே உப்பு ஏற்றிய படகு. இரண்டு பலகைக்கும் நடுவில் சிவப்பு நூலால் கொழும்பு-கண்டி வீதி. கண்காட்சியில் கூட்டம் அதிகம் நின்றது அந்தச் சின்னப் பலகைக்கு முன்னால்தான் என்பதைக் கொஞ்சம் பொறாமையோடு ஒப்புக்கொள்கிறோம்.

தவணை முடியும்வரை இரண்டும் விஞ்ஞான கூடத்தில் இருக்கும். பெற்றோர் பாடசாலை விட்ட பிறகு வந்து பார்க்கலாம், தயவுசெய்து செங்கல் வைக்க வேண்டாம். அக்குறணை, கலகெதர, கெலிஓயாப் பக்கம் யார் வீட்டிலாவது மாட்டுப் பொதியோ, பாக்குக் கணக்கு எழுதிய பழைய கொப்பியோ, கரத்தை ஓட்டிய மூத்தாப்பாவின் பேச்சோ மிஞ்சியிருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். களிமண் மாட்டின் பொதியை அந்தப் பிள்ளை ஊகத்தில்தான் கட்டியிருக்கிறது. சரியாகக் கட்டுவது எப்படி என்று தெரிந்தவர் யாராவது இருந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டத் தயாராக இருக்கிறது.