சகடம் உதைத்த கால்: மழலை நினைவும் பெரியாழ்வாரின் யசோதையும்

"எனக்கு ஒரு வயசிருக்கும், தூளியிலிருந்து விழுந்துட்டேன்" என்று கான்சாபுரத்தில் ஒருவர் கதை தொடங்கினால், சற்று நேரத்தில் "எங்கம்மா சொல்லும்" என்று முடிப்பார். வத்திராயிருப்புப் பக்கத்து மலையடிவார ஊர் அது. எந்த ஊரிலும் இதே கதைதான். அந்த வால் சொற்களைக் கேட்பவர் பொருட்படுத்துவதில்லை. என் வாதம் அவற்றைப் பற்றியது.

முதல் மூன்று ஆண்டுகளின் நிகழ்ச்சிகள் பெரியவர்களின் நினைவில் பெரும்பாலும் இருப்பதில்லை. பிராய்டு 1905இல் இந்த மழலை மறதிக்குக் காரணம் ஒடுக்கப்பட்ட ஆசைகள் என்றார். குழந்தைக்கு நினைவே இல்லை என்று கருதியவர்களும் உண்டு. உளவியலாளர் கரோலின் ரோவி-கோலியர் செய்த சோதனை இரண்டாம் கருத்தைத் தகர்த்தது. தொட்டிலுக்கு மேல் பொம்மைகளைத் தொங்கவிட்டு, அவற்றைக் குழந்தையின் கணுக்காலோடு நாடாவால் இணைத்தார். உதைத்தால் பொம்மை ஆடும். இரண்டு மாதக் குழந்தை இதை ஓரிரு நாள் நினைவில் வைத்திருந்தது; மூன்று மாதக் குழந்தை ஏறத்தாழ ஒரு வாரம்; ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரம். மறந்துபோன பிறகும் ஆடும் பொம்மையைச் சிறிது நேரம் காட்டினால் கால் மறுபடி உதைத்தது. போனதாக நினைத்தது போகவில்லை.

பிறகு ஏன் அது வளர்ந்தவருக்குக் கிட்டுவதில்லை? மூளையில் நினைவைப் பதியவைக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் மிகுதியாகத் தோன்றும் பருவம் அது. பழைய இணைப்புகளை அவை கலைத்துவிடுகின்றன என்று எலிகளில் செய்த ஆய்வு ஒன்று 2014இல் காட்டியது. ஆனால் உடலியல் மட்டும் காரணமானால், முதல் நினைவின் வயது எல்லா மக்களிடமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படியில்லை: நியூசிலாந்தின் மவோரி மக்களுடைய முதல் நினைவு, அதே நாட்டின் ஐரோப்பிய வழியினருடையதைவிட முந்தியது என்று 2000இல் வெளிவந்த ஆய்வு கண்டது. கடந்ததை விரிவாகப் பேசும் தாயின் பிள்ளைகள் தம் கடந்ததைக் கூடுதலாகச் சொல்கின்றனர் என்பதை உளவியலாளர் ராபின் பைவுஷ் முதலியோர் காட்டியுள்ளனர். நினைவு வீட்டுப் பேச்சிலும் உருவாகிறது என்பதே இதன் பொருள்.

பெரியாழ்வாரின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கேதான் நமக்கு உதவுகிறது. பெரியாழ்வார் திருமொழியைப் பிள்ளைத்தமிழின் முன்னோடி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று பருவங்களை அடுக்குகிறோம். எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டாம் பத்தில் யசோதை கண்ணனைப் பால் குடிக்க அழைக்கும் இடம். வஞ்சகச் சகடத்தை நீ உன் பஞ்சுக் காலால் உதைத்தபோது, நொந்துவிடுமோ என்று நான் அஞ்சினேன் என்று பிள்ளையிடமே சொல்கிறாள். நிகழ்ச்சி, செய்தவன், பார்த்தவளின் மனநிலை மூன்றும் அதில் உண்டு. (தொட்டிற் பிள்ளையின் உதையை ரோவி-கோலியரும் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது தற்செயல், ஆனாலும் சுவையானது.)

பக்திப் பாடலை உளவியல் சான்றாக்கலாமா? கண்ணனின் செயல்களைச் சொல்வது துதி மரபு. ஆகவே இது ஒன்பதாம் நூற்றாண்டுத் தாய்மாரின் நேரடிப் பதிவன்று. ஆனால் துதியை, "நீ அன்று செய்தாய், நான் பயந்தேன்" என்ற வீட்டுப் பேச்சில் ஆழ்வார் அமைத்தார். அப்பேச்சு வீடுகளில் வழங்காதிருந்தால், கேட்டவருக்கு யசோதை தாயாகத் தோன்றியிருக்க மாட்டாள்.

ஆகவே "எங்கம்மா சொல்லும்" என்பதைக் கலப்பட நினைவென்று தள்ளுவது பிழை. கான்சாபுரத்திலோ ராஜபாளையத்திலோ முதல் நினைவுகளைத் தொகுக்கப் போகும் ஆய்வாளர், "எப்போது நடந்தது?" என்பதோடு "யார் சொன்னார்கள்? எத்தனை தடவை?" என்றும் தம் வினாத்தாளில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.