கவுண்டிப் பண்ணைகள்: வாங்கிய வரலாறும் விற்ற வரலாறும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சி மன்றங்களுக்குச் சொந்தமான விவசாய நிலங்கள் கவுண்டிப் பண்ணைகள் எனப்படுகின்றன. கவுண்டி என்பது நம் மாவட்டத்துக்கு ஒப்பான நிர்வாகப் பகுதி. சொந்த நிலமோ பெரிய முதலோ இல்லாதவர்கள் குத்தகைக்கு எடுத்து விவசாயத்தில் காலூன்ற வேண்டும் என்பதற்காகவே மன்றங்கள் இந்நிலங்களை விலைகொடுத்து வாங்கின. 1977இல் இங்கிலாந்தில் மட்டும் இவற்றின் பரப்பு சுமார் 4,26,000 ஏக்கர். 2017இல் எஞ்சியிருந்தது சுமார் 2,15,000 ஏக்கர். நாற்பது ஆண்டுகளில் பாதிப் பரப்பு பொதுச் சொத்திலிருந்து போய்விட்டது.

1870களின் பிற்பகுதியில் பிரிட்டனின் விவசாயம் நெடிய மந்தத்தில் விழுந்தது. அமெரிக்கச் சமவெளிகளில் விளைந்த மலிவான கோதுமை நீராவிக் கப்பல்களில் வந்து குவிய, உள்நாட்டுத் தானிய விலை சரிந்தது. வேலையிழந்த பண்ணைக் கூலிகள் நகரங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். அன்று பிரிட்டனின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஏழாயிரத்துக்கும் குறைவான குடும்பங்களின் கையில் இருந்தது. கூலிக்காரர் உழைத்துச் சேர்த்தாலும் வாங்குவதற்குச் சிறு நிலம் கிடைப்பது அரிது.

1884ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் கிராமப்புறக் கூலிகள் பலருக்கு வாக்குரிமை அளித்தது. அதன்பின் நிலப் பிரச்சினை தேர்தல் பிரச்சினையாயிற்று. பர்மிங்காமைச் சேர்ந்த அரசியல்வாதிகள் ஜெஸ்ஸி காலிங்ஸ், ஜோசப் சேம்பர்லின் ஆகியோர் 1885 தேர்தலில் ‘மூன்று ஏக்கரும் ஒரு பசுவும்’ என்ற முழக்கத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். 1886 ஜனவரியில் கூலிகளுக்கு நிலம் கோரி காலிங்ஸ் கொண்டுவந்த திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் சாலிஸ்பரி பிரபுவின் அரசு பதவி விலகியது.

1888ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கவுண்டி மன்றங்கள் உருவாயின. 1892ஆம் ஆண்டுச் சிறுநிலச் சட்டம், நிலம் வாங்கி 1 முதல் 50 ஏக்கர் வரையுள்ள துண்டுகளாகப் பிரித்துத் தரும் அதிகாரத்தை அவற்றுக்கு வழங்கியது. ஆனால் அச்சட்டத்தின் முதன்மை நோக்கம் விற்பனைதான். வாங்குபவர் விலையில் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. கூலிக்காரர்களிடம் அவ்வளவு பணம் இல்லை. நில உரிமையாளர் மறுத்தால் கட்டாயமாக வாங்கும் அதிகாரம் மன்றங்களுக்கு இல்லை. முதல் பதினைந்து ஆண்டுகளில் நாடு முழுவதும் மன்றங்கள் வாங்கிய நிலம் ஆயிரம் ஏக்கரைக்கூட எட்டவில்லை.

இத்தோல்வியிலிருந்து கற்ற பாடத்தில் எழுந்தது லிபரல் அரசின் 1907ஆம் ஆண்டுச் சட்டம். மறு ஆண்டே அது 1908ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சிறு நிலங்களுக்கான தேவையை நிறைவு செய்வது மன்றங்களின் கடமை என்றாயிற்று. கட்டாயமாக வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் அதிகாரம் கிடைத்தது. விற்பதைவிட வாடகைக்கு விடுவதே வழக்கமாயிற்று. நீண்டகாலக் கடனில் நிலம் வாங்கி, அசலும் வட்டியும் அடையும் அளவுக்கு வாடகை வசூலிப்பதே ஏற்பாடு. ஆகவே, பல பண்ணைகளின் விலையை உண்மையில் கட்டித் தீர்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு உழுத குத்தகைதாரர்களே. 1914 இறுதிக்குள் மன்றங்களின் கையில் ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கர் சேர்ந்தது.

முதல் உலகப் போர் முடிந்ததும் திரும்பி வந்த படைவீரர்களுக்கு நிலம் கொடுப்பது அரசின் வாக்குறுதியாயிற்று. 1919ஆம் ஆண்டு நிலக் குடியமர்வுச் சட்டத்தின் கீழ் 2 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது. சுமார் 17,000 முன்னாள் வீரர்கள் மன்ற நிலங்களில் குடியேறினார்கள். ஆனால் அந்நிலங்கள் போருக்குப் பிந்தைய உச்ச விலையில், உயர்ந்த வட்டியில் வாங்கப்பட்டவை. 1921இல் தானியத்துக்கான விலை உத்தரவாதத்தை அரசு விலக்கிக்கொள்ள, விளைபொருள் விலை வீழ்ந்தது. குடியேறியவர்களில் பலர் நிலத்தைக் கைவிட்டார்கள். 1926 வரையான நட்டத்தை மத்திய அரசே ஏற்றது. அந்தக் காலகட்டத்தில் மன்றங்களின் மொத்த நிலம் 4 லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. கேம்பிரிட்ஜ்ஷயரின் ஃபென் சதுப்புப் பகுதி போன்ற வளமான கருமண் பூமியில் உருளைக்கிழங்கும் பழமும் காய்கறியும் பயிரிட்ட சிறு பண்ணைகள் மட்டும் நன்றாக நிலைத்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நோக்கம் மாறியது. வேலையில்லாதவர்க்கும் படைவீரர்க்கும் நிலம் கொடுப்பது என்ற நிலை போய், அனுபவமுள்ள விவசாயத் தொழிலாளி சொந்தமாகப் பண்ணை தொடங்க வழி செய்வது என்று 1947ஆம் ஆண்டு விவசாயச் சட்டம் வகுத்தது. டிராக்டரும் பால் கறக்கும் இயந்திரமும் பரவிய பிறகு 30, 40 ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைப்பது கடினமாயிற்று. பேராசிரியர் வைஸ் தலைமையிலான குழு 1960களில் இதை ஆராய்ந்தது. அதை அடுத்து வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், சிறு துண்டுகளை இணைத்து வருமானம் தரத்தக்க பண்ணைகளாக்கும்படி மன்றங்களைப் பணித்தது.

உபரிச் சொத்து என்ற வகை பெரிய அளவில் தோன்றியது இந்த இணைப்பினால்தான். இரண்டு பண்ணைகள் ஒன்றானபோது ஒரு வீடும் ஒரு தொழுவமும் தேவைக்கு மிஞ்சின. அவற்றை விற்று வந்த பணம் பெரும்பாலும் எஞ்சிய பண்ணைகளின் கட்டடங்களுக்கும் வடிகால்களுக்கும் செலவாயிற்று. அது நிர்வாகத்தின் ஒரு பகுதி. நிலத்தின் பயன் மாறவில்லை.

1980களிலிருந்து விற்பனையின் தன்மை மாறியது. பொதுச் சொத்துகளைத் தனியாருக்கு விற்பது அரசின் கொள்கையாக இருந்த காலம் அது. 1995இல் கன்சர்வேட்டிவ் அரசு வெளியிட்ட கிராமப்புற வெள்ளை அறிக்கை, பண்ணைகளை விற்குமாறு மன்றங்களை ஊக்குவித்தது. 2010க்குப் பின் மத்திய மானியம் கடுமையாகக் குறைந்தபோது, முதியோர் பராமரிப்புக்கும் குழந்தைகள் நலனுக்கும் பணம் தேடிய மன்றங்கள் மீண்டும் நிலத்தின் பக்கம் திரும்பின. சாமர்செட் மன்றம் தன் பண்ணைகளில் பெரும்பகுதியை விற்றது. ஹெர்ஃபோர்ட்ஷயர் மன்றம் 2015 டிசம்பரில் தன் 4,800 ஏக்கர் பண்ணைச் சொத்து முழுவதையும் விற்க முடிவு செய்தது.

விற்பனை நடக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. குத்தகைதாரர் ஓய்வு பெறும்போதோ குத்தகைக் காலம் முடியும்போதோ பண்ணையை மீண்டும் வாடகைக்கு விடலாமா என மன்றம் பரிசீலிக்கிறது. ஆள் குடியிருக்கும் பண்ணையைவிடக் காலியான பண்ணைக்கு விலை மிக அதிகம் என்பதால் அந்தத் தருணமே விற்பனைக்கு உகந்ததாகிறது. உபரி என்று அறிவித்தபின், பண்ணை வீட்டையும் தொழுவங்களையும் வயல்களையும் தனித்தனிப் பிரிவுகளாக்கி டெண்டரிலோ ஏலத்திலோ விற்பது வழக்கம். வீட்டை நகரவாசிகள் வாங்குகிறார்கள். தொழுவம் குடியிருப்பாக மாறுகிறது. வயல் பக்கத்துப் பெரிய பண்ணையோடு சேர்கிறது. பின்னாளில் அங்கே வீட்டுமனை அனுமதி கிடைத்து விலை உயர்ந்தால் அதில் பங்கு கேட்கும் நிபந்தனையைப் பல மன்றங்கள் பத்திரத்தில் சேர்க்கின்றன. 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, கிடைக்கக்கூடிய சிறந்த விலைக்கே பொதுச் சொத்தை விற்க வேண்டும். அதனால் இளம் விவசாயிக்குச் சலுகை விலையில் கொடுப்பது எளிதல்ல.

விற்பவர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. நிலத்தின் சந்தை மதிப்போடு ஒப்பிட்டால் வாடகை வருமானம் குறைவு. பழைய கட்டடங்களின் பழுதுச் செலவு மிகுதி. பயன் பெறும் குடும்பங்கள் சில. ஆயினும் விற்ற பணம் சட்டப்படி பெரும்பாலும் மூலதனச் செலவுக்கே போக வேண்டும். அன்றாடச் செலவின் பற்றாக்குறையை அது நிரந்தரமாகத் தீர்ப்பதில்லை. கேம்பிரிட்ஜ்ஷயர் சுமார் 33,000 ஏக்கரை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பல லட்சம் பவுண்டு வாடகை ஈட்டுகிறது. நார்ஃபோக் 16,000 ஏக்கருக்குக் குறையாமல் வைத்திருப்பதைக் கொள்கையாக அறிவித்திருக்கிறது. விவசாயக் கொள்கையில் அரசுக்கு ஆலோசனை கூறிவந்த சர் டொனால்டு கரி 2008இல் தந்த அறிக்கையும், விவசாயத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு இப்பண்ணைகள் முக்கியமான நுழைவாயில் என வற்புறுத்தியது.

மிஞ்சிய வீட்டை விற்றுப் பண்ணையைச் செம்மை செய்வது நல்ல நிர்வாகம். ஓராண்டு வரவு செலவை ஈடுகட்டப் பண்ணையையே விற்பது, குத்தகைதாரர்களின் வாடகையால் கடன் தீர்ந்த பொதுச் சொத்தை இழப்பது. இன்றைய நில விலையில் எந்த மன்றமும் அதைத் திரும்ப வாங்க முடியாது.