குடும்பத்தோடு போன எலி வேட்டை



வேட்டை என்றாலே துப்பாக்கி, ஜீப்பு, காட்டு பங்களா என்று ராஜாக்களும் துரைமார்களும் போனதைத்தான் சரித்திரப் புத்தகங்களிலே பக்கம் பக்கமாய்ப் படிக்கிறோம். கையிலே காசில்லாத குடும்பங்கள் போன வேட்டை ஒன்று உண்டு. அறுத்த வயலிலே ஒரு கடப்பாரையும் ஒரு மண்பானையும் எடுத்துக்கொண்டு புருஷன், பெண்சாதி, பிள்ளைகள் என்று எல்லோருமாய்ச் சேர்ந்து போகிற எலி வேட்டை. அதன் பழைய கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். உங்கள் நெல்லும் பணமும் சம்பந்தப்பட்ட கதை என்பதால் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்கு இருளர் குடும்பங்களைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வரப்பு மேலே நடந்து போகும்போதே அந்த மனுஷன் வளையைப் பார்த்துக் கணக்குச் சொல்லிவிடுவார். வாசலிலே புது மண் தள்ளியிருந்தால் எலி உள்ளே இருக்கிறது. சிலந்தி வலை கட்டியிருந்தால் வளை காலி. நமக்கு எல்லாம் ஒரே பொந்தாய்த் தெரியும். அவருக்கு நண்டு வளை வேறு, கரம்பை எலி வளை வேறு.

வளைக்கு ஒரு வாசல்தான் என்று நினைத்துக்கொண்டு வெட்டினால் எலி பின்பக்கமாய்ப் போயே போய்விடும். ஆகவே, முதலில் பெண்களும் பிள்ளைகளும் சுற்றிலும் உள்ள ஓட்டைகளைத் தேடிப் பிடித்துச் சேற்றை வைத்து அடைப்பார்கள். பிறகு பானை வரும். அடியிலே சின்ன ஓட்டை போட்ட பானை அது. உள்ளே வைக்கோலும் பச்சிலையும் திணித்து நெருப்பு மூட்டி, பானையின் வாயை வளையின் வாயோடு சேர்த்து அணைத்து, அடி ஓட்டையிலே வாய் வைத்து ஊதுவார்கள். புகை வளை முழுக்கப் போய் நிறையும். அப்புறம் கடப்பாரை போட்டு வெட்டினால் மயங்கிக் கிடக்கிற எலியைக் கையாலேயே எடுத்துவிடலாம்.

அதோடு முடியவில்லை. கரம்பை எலி கதிரை அறுத்துக் கொண்டுபோய் வளைக்குள்ளே தனி அறையிலே சேர்த்து வைக்கும். அதைத் தோண்டி எடுப்பது பிள்ளைகள் வேலை. சில வளைகளிலே படிக்கணக்கிலே நெல் கிடைக்கும். புடைத்து, கழுவி, காயவைத்தால் அந்த வீட்டிலே சில நாளைக்கு அடுப்பு எரியும். எலி அன்றைய கறிக்கு ஆயிற்று. வேட்டைக்கு ஆன செலவு ஒரு பிடி வைக்கோல்.

செலவில்லை என்றேனே தவிர, கஷ்டமில்லை என்று சொல்லவில்லை. வருஷக்கணக்காய் வாயால் புகை ஊதி ஊதி நெஞ்சுக் கோளாறு வந்தவர்கள் உண்டு. உதடும் கையும் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. இதற்காகக் கையால் சுற்றுகிற இரும்புப் புகைப்பெட்டி ஒன்றை நம் பக்கத்துத் தொண்டு நிறுவனம் செய்ய முன்வந்து, 2003-ஆம் ஆண்டு உலக வங்கி நடத்திய போட்டியிலே பரிசும் பெற்றது.

காவிரிப் பாசனப் பகுதியிலே முறை வேறு. அங்கே தஞ்சாவூர்க் கிட்டி. மூங்கிலை வில்லாய் வளைத்து, கயிறு கட்டி, இரை வைத்து, சாயங்காலம் வயலிலே வரிசையாய் நட்டுவிட்டு வந்து, விடியற்காலை போய்ப் பார்ப்பார்கள். இதற்கென்றே ஊர் ஊராய்ப் போகிற ஆட்கள் உண்டு.

இந்த ஆட்களையெல்லாம் நாம் எப்போது மறக்க ஆரம்பித்தோம்? 1960-61-லே தஞ்சை மாவட்டத்திலே பாக்கேஜ் திட்டம் வந்தது. பிறகு குறுகிய கால நெல் ரகங்கள் வந்தன. குறுவை முடிந்ததும் தாளடி என்று வயலிலே பயிர் நிற்கிற காலம் நீண்டது. நமக்கு இரண்டு போகம் என்றால் எலிக்கும் இரண்டு போகம்தானே! மூன்று வாரத்திலே குட்டி போடுகிற ஜாதி அது. கூடவே கடையிலே துத்தநாக பாஸ்பைடு என்கிற சாம்பல் நிறத் தூளும் வந்தது. பொரியிலே கலந்து வைத்தால் முதல் ராத்திரி எலி செத்தது. ஆனால் அரைகுறையாய்த் தின்று பிழைத்த எலி மறுபடி அந்த இரையைத் தொடாது. நம் இலாகாவிலேயே இதை வருஷா வருஷம் சொல்கிறோம். இருந்தாலும் பொட்டலம் வாங்குவது சுலபம், ஆள் தேடிப் போவது சிரமம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலே ஒரு கிராமத்திலே விஷ இரை வைத்துக் காட்டினேன். நாலு நாள் கழித்து அதே வரப்பிலே ஓர் இருளர் குடும்பம் பானையோடு நின்றது. வயசான அந்த அம்மா என்னைப் பார்த்து, "ஐயா, இங்க மருந்து வெச்சீங்களா?" என்று கேட்டார். வைத்தோம் என்றேன். "சொல்லியிருக்கலாமே, புள்ளைங்க திங்கிறது" என்றார். பிடித்திருந்த எலிகளையெல்லாம் அங்கேயே குழி வெட்டிப் புதைத்துவிட்டு வெறும் பானையோடு போனார்கள். பி.எஸ்ஸி. படித்த எனக்கு அது தோன்றவில்லை, பாருங்கள்.

அரசாங்கமே முன்னின்று நடத்திய வேட்டைகளும் சரித்திரத்திலே உண்டு. 1902-லே வியட்நாமிலே ஹனோய் நகரத்தை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள், சாக்கடையிலே எலி பெருகி பிளேக் நோய் பயம் வந்ததும், கூலிக்கு ஆள் வைத்துப் பிடித்தார்கள். ஒரே நாளிலே 20,000-க்கு மேல் பிடித்த நாளும் இருந்தது. அப்படியும் எலி குறையவில்லை. வாலைக் கொண்டுவந்தால் காசு என்று ஊராருக்கு அறிவித்தார்கள். கொஞ்ச நாளிலே வாலில்லாத எலிகள் தெருவிலே ஓட ஆரம்பித்தன! வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு, குட்டி போடட்டும் என்று எலியை விட்டுவிட்டார்கள். ஊருக்கு வெளியே எலிப் பண்ணையே வைத்தவர்களும் இருந்தார்கள். கடைசியிலே அந்தத் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

சீனாவிலே 1958-லே எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி நான்கையும் ஒழிப்பது என்று கிளம்பினார்கள். தாத்தா முதல் பேரன் வரை வீட்டோடு தெருவுக்கு வந்து தட்டையும் தகரத்தையும் தட்டினார்கள். உட்கார இடமில்லாமல் பறந்து பறந்து களைத்துக் குருவிகள் விழுந்தன. பிறகுதான் தெரிந்தது, குருவி நெல்லை மட்டும் தின்னவில்லை, பயிரைத் தின்கிற புழுவையும் பூச்சியையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது என்று. பூச்சி பெருகிற்று. 1960-லே குருவியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அந்தப் பஞ்ச காலத்துக்கு வேறு பெரிய காரணங்களும் உண்டு என்றாலும், குருவி போனது கெடுதலைக் கூட்டிற்று.

நாமும் அப்படி ஒரு தப்பைச் செய்தவர்கள்தான். எலியைத் தின்கிற சாரைப் பாம்பைத் தோலுக்காக ஏராளமாய்ப் பிடிக்கவைத்தோம். பிடித்தது இருளர் கை, லாபம் தோல் வியாபாரிக்கு. 1972-லே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-லே பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றது. பிழைப்புப் போன குடும்பங்களுக்கு 1978-லே தொடங்கின இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழி காட்டிற்று. பாம்பைக் கொல்லாமல், விஷத்தை எடுத்துக்கொண்டு திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு நமக்குப் போடுகிற ஊசி மருந்து அந்த விஷத்திலிருந்துதான் வருகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-லே பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள்.

சரி, உங்கள் ஊரிலே வேட்டைக்கு நாள் குறிக்கலாமா? அறுப்பு முடிந்து வயல் தரிசாய்க் கிடக்கிற கோடைதான் ஏற்ற காலம். அப்போது வயலிலே தீனி இல்லை. எலியெல்லாம் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கியிருக்கும். அந்த நேரத்திலே ஒரு தாய் எலியைப் பிடிப்பது, கதிர் வந்த பிறகு ஒரு கூட்டத்தைத் துரத்துவதைவிட மேல். நீங்கள் ஒருவர் மட்டும் பிடித்தால் அடுத்த வயல் எலி குடியேறிவிடும். ஆகவே, ஒரு வாய்க்கால் பாசனக்காரர்கள் எல்லோரும் ஒரே வாரத்திலே செய்ய வேண்டும். செலவைப் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஒன்றும் பெரிதாய் வராது. வெட்டின வரப்பை மறுபடி போடும்போது ஒடுக்கமாய்ப் போடுங்கள். அகலமான வரப்பு எலிக்கு மாடி வீடு.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், தப்பில்லை. ஆனால் வளைக்குள்ளே கை விட விடாதீர்கள், எலி வளையிலே நல்ல பாம்பும் குடியிருக்கும். சாரை வந்தால் அடிக்காமல் விடுங்கள். உடும்பும் முயலும் சட்டப்படி தொடக் கூடாதவை. காலிலே புண் இருந்தால் சேற்றிலே இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்த வழியாய்த்தான் வருகிறது.

எலி பிடிக்கிற குடும்பத்தைக் கூப்பிடுவதாய் இருந்தால், இந்தப் போகத்திலே எந்த வரப்பிலே மருந்து வைத்தீர்கள் என்பதை அவர்கள் பானையை இறக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கூலியையும் அப்போதே பேசிவிடுங்கள். வளையிலே எடுக்கிற நெல் எடுத்தவர்களுக்கு என்பதுதான் பழைய வழக்கம். சில இடங்களிலே அதையும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எலி விட்டுவைத்திருந்தால் அந்த நெல் உங்கள் களத்துக்கு வந்திருக்கப் போவதில்லை.