எதிரி நாட்டு கோல்கீப்பர்

பெர்ட் டிராட்மன் இங்கிலாந்துக்குப் போனது பந்து ஆட அல்ல, போர்க்கைதியாகக் கொண்டுபோகப்பட்டார். 1923-ல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையில் சேர்ந்து ரஷ்யப் போர்முனையில் சண்டையிட்டு, இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றவர். பின்னர் மேற்குமுனையில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கி, லங்காஷயரில் உள்ள ஒரு கைதி முகாமில் அடைக்கப்பட்டார்.

முகாமில் நடந்த ஆட்டங்களில் முதலில் அவர் கோல்கீப்பர் இல்லை. ஒருநாள் ஆட்டத்தில் அடிபடவே, கோல்கம்பத்தருகே நின்றவரோடு இடம் மாற்றிக்கொண்டார். அதன்பிறகு அந்த இடத்தை விடவில்லை. 1948-ல் ஊர் திரும்ப வாய்ப்பு வந்தபோது வேண்டாமென்று மறுத்து, செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்ற சிறிய அணிக்கு ஆடத் தொடங்கினார்.

1949 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி அவரை ஒப்பந்தம் செய்தது. ஊர் கொந்தளித்தது. போர் முடிந்து 4 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஜெர்மன் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்கள் மான்செஸ்டரில் அப்படியே கிடந்தன. ஏறத்தாழ 20,000 பேர் எதிர்ப்புப் பேரணியில் திரண்டார்கள். அவர்களின் கோபத்தை அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும், நார்மண்டியில் போரிட்டுத் திரும்பிய அணித் தலைவர் எரிக் வெஸ்ட்வுட் டிராட்மனை வெளிப்படையாக வரவேற்றார். நகரின் யூத மதகுரு அலெக்சாண்டர் ஆல்ட்மன், ஒரு நாட்டின் குற்றத்துக்குத் தனி ஒருவரைத் தண்டிக்க வேண்டாம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். அவரே ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். அதனால்தான் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு எடை இருந்தது.

மிச்ச வேலையை ஆட்டம் செய்தது. 1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹாம் அணியுடன் மோதியபோது அரங்கம் வசைமழை பொழிந்தது. சிட்டி தோற்றது ஒரே ஒரு கோலில். அதற்குமேல் விழாமல் தடுத்தவர் டிராட்மன். ஆட்டம் முடிந்தபோது அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அக்காலத்தின் மற்ற கோல்கீப்பர்கள் பந்தை ஓங்கி உதைத்துத் தள்ளிவிடுவார்கள். டிராட்மனோ சிறுவயதில் ஹேண்ட்பால் ஆடிய கை. பந்தைக் குறிபார்த்துத் தன் அணிக்காரரிடம் நெடுந்தூரம் எறிவார். 1954-55 பருவத்தில் சிட்டி கையாண்ட ‘ரெவி திட்டம்’ அந்த எறிதலிலிருந்தே தொடங்கியது. பந்து அங்கிருந்து, சற்றே பின்தங்கி ஆடும் டான் ரெவியிடம் போகும். அதற்கு முன்பே, 1952-ல், ஜெர்மனியின் ஷால்கே அணி 1,000 பவுண்டு தருவதாக டிராட்மனைக் கேட்டுப் பார்த்தது. அவர் மதிப்பு அதுபோல இருபது மடங்கு என்று சொல்லி சிட்டி மறுத்துவிட்டது.

1956 மே 5. வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம், எதிரணி பர்மிங்காம் சிட்டி. முடிய சுமார் 17 நிமிடம் இருக்கையில், பீட்டர் மர்ஃபியின் காலடியில் டிராட்மன் பாய்ந்தார். மர்ஃபியின் முழங்கால் கழுத்தில் மோதியது. அன்றைய விதியில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது. வலியில் தள்ளாடியபடியே கடைசி வரை நின்று மேலும் சில கோல்களைத் தடுத்தார்; சிட்டி 3-1 என வென்றது. பதக்கம் வாங்கப் போனபோது இளவரசர் பிலிப், கழுத்து கோணியிருப்பதைப் பார்த்துக் கேட்டாராம். நான்கு நாள் கழித்து எடுத்த எக்ஸ்-ரே உண்மையைச் சொன்னது. ஐந்து எலும்புகள் இடம் பெயர்ந்திருந்தன. இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது எலும்பு அதன்மேல் ஆப்புபோல் செருகி நின்றதால்தான் உயிர் தப்பியது. ஆண்டின் சிறந்த கால்பந்தாட்டக்காரர் விருது அவ்வாண்டு அவருக்கே கிடைத்தது. கட்டுப் போட்டுக் கிடந்த நாள்களிலேயே, 5 வயதான மூத்த மகனைக் கார் விபத்தில் பறிகொடுத்தார்.

திரும்பி வந்து 1964 வரை ஆடினார். சிட்டிக்காக மொத்தம் 545 ஆட்டங்கள். ஜெர்மனிக்காக ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டு அணிகளில் ஆடியவர்களை ஜெர்மன் அணியின் பயிற்சியாளர் செப் ஹெர்பெர்கர் தேர்வுசெய்யவில்லை. 1954-ல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்ற அணியிலும் அவர் இல்லை.

பின்னாளில் ஜெர்மன் கால்பந்துச் சங்கமே அவரைப் பயிற்சியாளராக பர்மா முதலிய நாடுகளுக்கு அனுப்பியது. பிரிட்டன் 2004-ல் ஓ.பி.இ. விருது தந்தது. 2013 ஜூலை 19 அன்று, ஸ்பெயினில் தன் வீட்டில் காலமானார்.